'செய்யும்' என்ற சொல்லை நம்பி வாங்கப்படும் பங்குகள்

"நானோ பூச்சு தயாரிக்கும் நிறுவனம். பங்கின் விலை ₹2.80 மட்டுமே. வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுடன் பேச்சு நடக்கிறது. ஓராண்டில் பத்து மடங்கு." வாட்ஸ்ஆப் குழுக்களிலும் டெலிகிராம் சேனல்களிலும் உலவும் இத்தகைய செய்திகளுக்கு ஏறத்தாழ ஓர் இலக்கணமே உருவாகிவிட்டது. நிறுவனத்தின் பெயர் மாறும். விலை சற்றே கூடும், குறையும். வாக்கியங்களின் வரிசை மட்டும் மாறுவதில்லை. நான்கு வாக்கியங்களையும் படித்து முடிப்பதற்குள், மாதச் சம்பளத்தில் மிஞ்சிய ஐயாயிரமோ பத்தாயிரமோ யாரோ ஒருவருடைய டீமேட் கணக்கில் ஆயிரக்கணக்கான பங்குகளாக உருமாறியிருக்கும்.

இச்செய்தியைப் படிப்போரின் கவனம் 'நானோ' என்னும் சொல்லிலோ 'பத்து மடங்கு' என்னும் தொகையிலோ நிலைகொள்கிறது. ஆயினும் இதில் உண்மையான வேலையைச் செய்வது 'தயாரிக்கும்' என்னும் எளிய பெயரெச்சமே. தமிழில் 'செய்யும்' என்னும் வாய்பாட்டுப் பெயரெச்சம் இரு காலங்களைத் தன்னுள் அடக்கி நிற்பது. 'பால் தரும் பசு' என்றால் அப்பசு இன்று பால் தருகிறது, நேற்றும் தந்தது. 'நாளை வரும் விருந்தினர்' என்றால் அவர் இன்னும் வரவில்லை; வராமலும் போகலாம். வடிவம் ஒன்று, பொருள் இரண்டு. 'நானோ பூச்சு தயாரிக்கும் நிறுவனம்' என்னும் தொடரைப் படிப்பவர் அதனைப் பால் தரும் பசுவாகக் கொள்கிறார். ஆவணங்களைப் புரட்டிப் பார்த்தால் அது நாளை வரும் விருந்தினராக இருப்பதற்கே வாய்ப்பு மிகுதி. இத்தகைய பங்குகளில் சாமானியரின் பணம் கரைவது இவ்விரு பொருள்களுக்கும் இடைப்பட்ட வெளியில்தான்.

முதலில் விலையைப் பார்க்கலாம். பென்னி பங்கு என்பதற்கு இந்தியாவில் சட்டப்படியான வரையறை இல்லை. பத்து ரூபாய்க்கும் கீழே விற்கும் பங்குகளை அப்படி அழைப்பது வழக்கம். அமெரிக்காவில் ஐந்து டாலருக்குக் குறைந்தவை பொதுவாக அவ்வகையில் அடங்கும். ₹2.80 என்னும் விலை மலிவு என்ற எண்ணத்தை உடனே எழுப்புகிறது. ஆனால் ஒரு பங்கின் விலை, நிறுவனத்தை எத்தனை துண்டுகளாக நறுக்கியிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. 2023 ஜூன் மாதத்தில் எம்.ஆர்.எஃப். நிறுவனத்தின் ஒரு பங்கு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. அந்நிறுவனம் வெளியிட்டுள்ள பங்குகள் சுமார் 42 லட்சம் மட்டுமே என்பது அந்த உயர்ந்த விலைக்கு ஒரு முக்கியக் காரணம். மறுபுறம், 150 கோடிப் பங்குகளை வெளியிட்ட ஒரு சிறு நிறுவனத்தைக் கற்பனை செய்துகொள்ளலாம். ₹2.80 விலையில் அதன் மொத்தச் சந்தை மதிப்பு 420 கோடி ரூபாய். அது ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாய் இலாபம் ஈட்டுகிறது என்றால், வாங்குபவர் ஓராண்டு இலாபத்தைப்போல் ஆயிரத்து ஐம்பது மடங்கு கொடுத்து வாங்குகிறார். அதைவிட விலையேறிய பொருளைச் சந்தையில் தேடிப் பிடிப்பது கடினம்.

அடுத்தது பெயர். 'நானோ' என்பதன் வேர் குள்ளனைக் குறிக்கும் கிரேக்கச் சொல். 1960இல் அது நூறு கோடியில் ஒரு பங்கைக் குறிக்கும் அளவை முன்னொட்டாக அனைத்துலக முறையில் ஏற்கப்பட்டது. 1974இல் ஜப்பானிய அறிஞர் நோரியோ தனிகுச்சி 'நானோ தொழில்நுட்பம்' என்னும் தொடரைப் பயன்படுத்தினார். இந்தியாவில் பெரும்பாலானோரின் காதில் இச்சொல் முதன்முதலாக விழுந்தது ஆய்வகத்திலிருந்து அன்று. 2008இல் டாடா நிறுவனம் ஒரு லட்சம் ரூபாய் விலையில் அறிமுகப்படுத்திய சிறு காரின் பெயராகத்தான். சிறியது, எளியவர்க்கும் எட்டுவது, எதிர்காலத்துக்கு உரியது என்னும் மூன்று பொருட்சாயல்களும் அன்று முதல் இச்சொல்லோடு ஒட்டிக்கொண்டன. சில ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு பங்கோடு இதைவிடப் பொருத்தமாக இணையும் சொல் வேறு இருக்க முடியாது.

ஒரு சொல்லுக்குச் சந்தையில் விலை உண்டு என்பது வெறும் ஊகமன்று. 1998, 1999 ஆண்டுகளில் தம் பெயரில் 'டாட் காம்' என்று சேர்த்துக்கொண்ட அமெரிக்க நிறுவனங்களை மைக்கேல் கூப்பர், ஆர்லின் டிமிட்ரோவ், ராகவேந்திர ராவ் ஆகிய மூவரும் ஆராய்ந்து 2001இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். பெயர்மாற்ற அறிவிப்பையொட்டிய பத்து நாள்களில் அப்பங்குகள் வழக்கத்தைக் கடந்து ஈட்டிய வருவாய் சுமார் 74 விழுக்காடு. அந்நிறுவனத்துக்கு இணையத்தோடு எவ்வளவு தொடர்பு இருந்தது என்பது இவ்வேற்றத்தில் பெரிய வேறுபாட்டை உண்டாக்கவில்லை. 2017 டிசம்பரில் குளிர்தேநீர் விற்றுவந்த 'லாங் ஐலண்ட் ஐஸ்டு டீ' என்னும் நிறுவனம் தன் பெயரை 'லாங் பிளாக்செயின்' என மாற்றுவதாக அறிவித்ததும் அதன் பங்கு ஒரே நாளில் ஏறத்தாழ மூன்று மடங்குவரை ஏறியது. அடுத்த ஆண்டு அது நாஸ்டாக் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது; 2021இல் அதன் பங்குப் பதிவையே அமெரிக்க ஒழுங்குமுறை ஆணையம் இரத்துசெய்தது.

நானோவுக்கும் அப்படி ஒரு பருவம் இருந்தது. 2003 டிசம்பரில் அமெரிக்க அரசு நானோ ஆய்வுக்கான சட்டத்தை இயற்றியது. 2004 ஏப்ரலில் மெரில் லிஞ்ச் நிறுவனம் நானோ பங்குகளுக்கென ஒரு குறியீட்டெண்ணை வெளியிட்டது. பட்டியலில் இடம்பெற்ற சிலவற்றுக்கும் நானோவுக்கும் என்ன உறவு என்ற கேள்வி எழவே, சில நிறுவனங்களை அது நீக்க நேர்ந்தது. பெரிய முதலீட்டு வங்கியின் ஆய்வாளர்களுக்கே நானோ நிறுவனம் எது, பெயரளவில் நானோ எது என்று பிரித்தறிவது எளிதாக இருக்கவில்லை.

இந்தியாவில் செபி இப்பெயர்ப் பித்தை உணர்ந்தே ஒரு தடுப்பை வைத்திருக்கிறது. 2015ஆம் ஆண்டின் பட்டியலிடல் விதிகளில் 45ஆம் விதியின்படி, புதிய தொழிலைச் சுட்டும் பெயரைச் சூட்டிக்கொள்ள விரும்பும் நிறுவனம், முந்தைய ஓராண்டு வருவாயில் குறைந்தது பாதியையேனும் அத்தொழிலிலிருந்து ஈட்டியிருக்க வேண்டும். அல்லது தன் சொத்துகளில் பாதியளவேனும் அதில் முதலீடு செய்திருக்க வேண்டும். முந்தைய பெயர்மாற்றத்துக்குப் பின் ஓராண்டு கழிந்திருப்பதும் தேவை. நல்ல விதிதான். ஆனால் அது பெயர்ப்பலகையை மட்டுமே காவல் காக்கிறது. நிறுவனத்தின் நோக்கங்களைக் கூறும் அடிப்படை ஆவணத்தில் நானோ என்று ஒரு வரி சேர்ப்பதையோ, எவரையும் கட்டுப்படுத்தாத புரிந்துணர்வு ஒப்பந்தம் ஒன்றை அறிவிப்பதையோ அது தடுப்பதில்லை. வாட்ஸ்ஆப் செய்தியில் வரும் 'தயாரிக்கும்' என்னும் சொல்லுக்கு எந்த விதியும் இல்லை.

இவ்விடத்தில் ஒரு நியாயமான மறுப்பு எழலாம். நானோ அறிவியல் பொய்யன்றே. இன்றைய பெருநிறுவனங்களும் ஒருகாலத்தில் சிறியவையாக இருந்தவையன்றோ? உண்மை. நானோ அறிவியல் முற்றிலும் மெய்யானது. அதன் மெய்யான வரலாறுதான் பென்னி பங்கின் கதைக்கு எதிரான மிக வலுவான சான்றாகவும் நிற்கிறது.

குவாண்டம் புள்ளிகளை எடுத்துக்கொள்ளலாம். சில நானோமீட்டர் அளவே உள்ள இப்படிகங்கள் தம் உருவளவுக்கு ஏற்ப வெவ்வேறு நிற ஒளியை உமிழ்பவை. 1980களின் தொடக்கத்தில் அலெக்ஸி எகிமோவ் கண்ணாடியிலும், லூயி புரூஸ் கரைசலிலும் இவ்விளைவைக் கண்டனர். தரமான புள்ளிகளைச் சீராக உருவாக்கும் முறையை மௌங்கி பவெண்டி 1993இல் வகுத்தார். அவை தொலைக்காட்சித் திரைகளில் விற்பனைப் பொருளாக வந்தது 2013 அளவில். மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது 2023இல். கண்டுபிடிப்புக்கும் கடைக்கும் இடையே முப்பது ஆண்டுகள்.

இத்துறையின் முன்னோடிகளுள் ஒன்றான நானோசிஸ், 2001இல் தொடங்கப்பட்ட அமெரிக்க நிறுவனம். 2004இல் பங்கு வெளியீட்டுக்கு விண்ணப்பித்து, அவ்வாண்டு ஆகஸ்டிலேயே பின்வாங்கியது. அதன் ஆலோசகர் குழுவில் பெரும் அறிவியலாளர்கள் இருந்தனர், காப்புரிமைகள் இருந்தன, விற்கத்தக்க பொருள் இல்லை. பிற்காலத்தில் அதன் குவாண்டம் புள்ளிகள் பல்வேறு திரைகளில் இடம்பெற்றன. 2023இல் ஜப்பானின் ஷோய் நிறுவனம் அதை வாங்கிக்கொண்டது. இவ்வெற்றிக் கதையில் சில்லறை முதலீட்டாளருக்கு எந்தக் கட்டத்திலும் இடமில்லை.

பங்குச் சந்தையில் பட்டியலிட்ட மெய்யான சிறு நானோ நிறுவனத்துக்கும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. மான்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்விலிருந்து கிளைத்த நானோகோ, காட்மியம் கலவாத குவாண்டம் புள்ளிகளை உருவாக்கிய நிறுவனம். இலண்டன் சந்தையில் அதன் பங்கு ஒரு பவுண்டுக்கும் வெகு கீழே பல ஆண்டுகள் கிடந்தது. தன் காப்புரிமைகளைச் சாம்சங் மீறிவிட்டதாக 2020இல் அமெரிக்க நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தது. 2023இல் 15 கோடி டாலர் இழப்பீட்டோடு வழக்கு முடிந்தது. அறிவியல் உண்மை, காப்புரிமை உண்மை, பொருளும் உண்மை. இவ்வளவு இருந்தும் அந்நிறுவனத்தின் வாழ்நாளில் மிகப் பெரிய வரவு தொழிற்சாலையிலிருந்து வரவில்லை, வழக்கிலிருந்து வந்தது. பெருநிறுவனங்களும் இதற்கு விலக்கல்ல. ஜெர்மனியின் பேயர் 2010இல் ஆண்டுக்கு 200 டன் திறனுள்ள கார்பன் நானோகுழாய் ஆலையை லெவர்குசனில் திறந்தது. 2013இல் அத்தொழிலிலிருந்தே விலகிக்கொண்டது. பேயர் மூன்றாண்டில் கைவிட்ட ஒன்றை, ஆய்வகமே இல்லாத ஒரு நிறுவனம் ஓராண்டில் பத்து மடங்காக்கும் என்று நம்புவதற்கு அறிவியல் எவ்வகையிலும் துணைநிற்கவில்லை.

ஆய்வகத்தின் கடிகாரம் பத்தாண்டுக் கணக்கில் நகர்கிறது. பென்னி பங்கின் கடிகாரமோ வாரக் கணக்கில் ஓடுகிறது. அது ஓடும் விதத்தை வேறொரு துறையின் வழக்கு தெளிவாகக் காட்டும். சாத்னா பிராட்காஸ்ட் என்னும் சிறு ஊடக நிறுவனம் குறித்துச் செபி 2023 மார்ச்சில் இடைக்கால ஆணை பிறப்பித்தது. 2022 ஜூலையில் இரு யூடியூப் சேனல்கள் அந்நிறுவனத்தைப் பெருங்குழுமம் ஒன்று வாங்கப்போகிறது என்பதுபோன்ற பொய்ச் செய்திகளைப் பரப்பியதாக அவ்வாணை கூறுகிறது. அதையடுத்து அதன் சிறு பங்குதாரர்களின் எண்ணிக்கை இரண்டாயிரத்துச் சொச்சத்திலிருந்து 55,000-க்கும் மேலாக உயர்ந்தது. அவ்வளவு பேருக்கும் உயர்ந்த விலையில் விற்றவர்களுள் புரமோட்டர் தரப்பினரும் இருந்தனர் என்பது செபியின் கண்டறிதல். 'வாங்கப்போகிறது' என்னும் இடத்தில் 'நானோ பூச்சு தயாரிக்கும்' என்று மாற்றி எழுதினாலும் இந்த இயக்கமுறை அப்படியே பொருந்தும்.

கைமாறும் பங்குகள் குறைவாக இருக்கும்போது சிலரே தமக்குள் வாங்கி விற்று விலையை நாள்தோறும் அப்பர் சர்க்யூட்டில் நிறுத்த இயலும். வெளியாள் வாங்க முயன்றால் விற்பவர் இல்லை. அதனாலேயே ஆசை பெருகுகிறது. ஒருநாள் விற்பவர் வருகிறார். பின்னர் லோயர் சர்க்யூட் தொடங்குகிறது. இப்போது வாங்குபவர் இல்லை. விலை விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தும் வெளியேற முடியாமல் நிற்பதே பென்னி பங்கின் தனித்த துயரம். 2017 முதல் பங்குச் சந்தைகள் படிப்படியான கண்காணிப்புப் பட்டியல் ஒன்றை நடத்துகின்றன. அதன் கடுமையான படிகளில் வாரத்துக்கு ஒரு நாள் மட்டுமே வணிகம் நடக்கும். முதலீட்டாளரைக் காக்கும் நோக்கில் அமைந்த இக்கதவு, ஏற்கெனவே உள்ளே சிக்கியவருக்குச் சிறைக்கதவாகவும் அமைந்துவிடுகிறது.

இவற்றையெல்லாம் அறிந்தும் சிலர் ஒரு நல்லெண்ணத்தைச் சுட்டுவர்: இலாபம் வராவிட்டால் போகட்டும், இந்திய அறிவியலுக்கு உதவிய நிறைவாவது கிடைக்குமன்றோ? இதுவே திருத்தப்பட வேண்டிய பிழைகளுள் தலையாயது. சந்தையில் ஒரு பங்கை வாங்கும்போது பணம் நிறுவனத்துக்குச் செல்வதில்லை. அப்பங்கை விற்ற முன்னாள் உடைமையாளருக்குச் செல்கிறது. ஒரு நுண்ணோக்கிகூட அதனால் வாங்கப்படுவதில்லை. ஓர் ஆய்வாளரின் ஊதியமும் அதிலிருந்து கொடுக்கப்படுவதில்லை. நிறுவனத்துக்குப் பணம் வருவது புதிய பங்குகளை வெளியிடும்போதுதான். அப்போதும் அவை யாருக்கு, என்ன விலைக்கு ஒதுக்கப்பட்டன என்று பார்த்தால், சாமானியர் பின்னர் வாங்கிய விலையைவிடக் குறைவான விலையில் ஒரு சிலருக்கு முன்னுரிமை ஒதுக்கீடாகச் சென்றிருப்பதைக் காண நேரலாம்.

இந்தியாவில் நானோ அறிவியலைத் தாங்கி நிற்பது பெரும்பாலும் பொதுப் பணம். 2007இல் தொடங்கப்பட்ட நானோ மிஷன் ஐந்தாண்டுகளுக்கு 1,000 கோடி ரூபாய் ஒதுக்கீட்டோடு பல்கலைக்கழகங்களிலும் ஆய்வு நிறுவனங்களிலும் கருவிகளையும் ஆய்வாளர்களையும் உருவாக்கியது. குடிநீரிலிருந்து ஆர்செனிக்கை நீக்கும் நானோ பொருள்களைச் சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் டி. பிரதீப்பின் குழு உருவாக்கியது பல்லாண்டு உழைப்பின் விளைவு. நெல் உமிச் சாம்பலில் வெள்ளி நானோ துகள்களைப் பதித்த நீர் வடிகட்டியை டாடா நிறுவனம் 2009இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இச்சங்கிலியின் எந்தக் கண்ணியிலும் ₹2.80 பங்கை வாங்கியவரின் பணம் இல்லை. அறிவியல் தன் நற்பெயரை மட்டும் அச்சந்தைக்கு இரவல் கொடுத்திருக்கிறது. அங்கே பணம் இழந்தவர், பின்னொரு நாள் மெய்யான நானோ ஆய்வு ஒன்றைக் கேள்விப்படும்போது, அதையும் ஏமாற்று என்றே கொள்ளக்கூடும். இழப்பின் இப்பகுதி எந்த டீமேட் கணக்கிலும் பதிவாவதில்லை.

இவற்றைச் சொல்வது வாங்குவோரை இகழ்வதற்காக அன்று. 2020 மார்ச்சில் நான்கு கோடியளவில் இருந்த இந்திய டீமேட் கணக்குகள் 2024 மார்ச்சில் 15 கோடியைக் கடந்தன. இவர்களுள் பலர் தம் குடும்பத்தில் முதன்முதலாகப் பங்கு வாங்குபவர்கள். நிலமும் நகையும் வாங்க இயலாத வருமானத்தில், கைக்கு எட்டும் ஒரே பெரிய கனவாக இது தோன்றுவது இயல்பே. ஐயாயிரம் ரூபாய்க்கு நல்ல நிறுவனம் ஒன்றின் இரண்டு பங்குகளை வைத்திருப்பதைவிட, பெயர் தெரியாத ஒன்றின் ஆயிரத்து எண்ணூறு பங்குகளுக்கு உரிமையாளராக இருப்பது மனத்துக்கு நிறைவளிக்கிறது. அந்த நிறைவைத்தான் விற்பவர்கள் விலைபேசுகிறார்கள்.

எனவே தேவைப்படுவது ஒரு வாசிப்புப் பயிற்சி. செய்தியில் உள்ள ஒவ்வொரு 'செய்யும்' என்பதையும் 'செய்தது' என்று மாற்றி, அது நிற்கிறதா எனப் பார்த்தால் போதும். 'தயாரிக்கும்' நிறுவனம் சென்ற ஆண்டு எவ்வளவு தயாரித்தது? ஆண்டறிக்கையின் துறைவாரி வருவாய்க் கணக்கில் நானோவுக்கு ஒரு வரி இருக்கிறதா? ஆய்வுக்குச் செலவிட்ட தொகை எவ்வளவு? அத்தொகை இயக்குநர்களின் ஊதியத்தைவிடக் குறைவா? 'காப்புரிமை பெறும்' என்று கூறப்படுவது விண்ணப்பமா, வழங்கப்பட்ட உரிமையா? சில ஆயிரம் ரூபாய்க் கட்டணத்தில் எவரும் விண்ணப்பிக்கலாம். வழங்கப்பட்டதா, யார் பெயரில் வழங்கப்பட்டது என்பதைக் காப்புரிமை அலுவலகத்தின் இணையத் தேடலில் எவரும் பார்க்கலாம். புரமோட்டர்களின் பங்கு கூடியதா, குறைந்ததா? தணிக்கையாளர் ஆண்டின் நடுவே விலகினாரா? இக்கேள்விகளுள் பெரும்பாலானவற்றுக்கு விடைகள் பங்குச் சந்தையின் இணையதளத்தில் கட்டணமின்றிக் கிடக்கின்றன. ஒரு மாலைப்பொழுது போதும்.

இறந்தகாலத்தில் சொல்வதற்கு ஒரு வாக்கியம்கூட இல்லாத நிறுவனம் நேர்மையானதாகவும் இருக்கலாம். அதன் விருந்தினர் நாளை மெய்யாகவே வரவும் கூடும். ஆனால் அவ்விருந்தினருக்காகக் காத்திருக்கும் வலிமை பொதுப் பணத்துக்கும் பெருநிறுவனத்துக்கும் உண்டு. மாதக் கடைசியை எண்ணி வாழும் குடும்பத்துக்கு இல்லை. பசுவை வாங்குபவர் பால் கறந்து காட்டச் சொல்லிக் கேட்பது நம் சந்தைகளின் பழைய வழக்கம். பங்குச் சந்தையிலும் அவ்வழக்கத்தைக் கைவிட வேண்டியதில்லை.